ஊருக்கு வந்து கழுவிக்கலாம்

ஒரு மணி நேரமாவது ஆகும், அவசரப்படுத்தினால் இருக்கிறதும் போய்விடும் என்று சொல்லிவிட்டு ஸ்டுடியோக்காரர் ஸ்டீபன் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்தும்போது சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றே கால். இப்போது பதினொன்று இருபது. ஐந்து நிமிஷம்தான், அதற்குள் தவமணிக்கு முதுகு நனைந்துவிட்டது. நாலு வருஷம் காத்துக் கிடந்தவளுக்கு ஒரு மணி நேரம் எந்த மூலைக்கு என்று தன்னைத் தானே தேற்றிப் பார்த்தாள், தேறவில்லை. அந்த நாலு வருஷமும் புருஷன் வருவார் என்று தெரிந்து காத்தது. விசா என்பார், கம்பெனியில் லீவு இல்லை என்பார், நாள் தள்ளிப் போகும், ஆனாலும் சார்ஜாவிலிருந்து ஒருநாள் விமானம் ஏறத்தான் போகிறார். இந்த ஒரு மணி நேரம் அப்படியில்லை. கதவுக்கு அந்தப் பக்கம், ஏதோ மருந்துத் தண்ணிக்குள், செத்துப்போன மனுஷனுடைய முகம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது. எதிரே ஆளுயரக் கண்ணாடி, அதில் கயிறு கட்டித் தொங்கவிட்ட சீப்பு, கீழே பவுடர் டப்பா. பரீட்சைக்குப் படம் எடுக்க வந்த பெண் ஒருத்தி முகத்தை வெள்ளையடித்துக்கொண்டிருந்தாள். அவள் தோளுக்குப் பின்னால் கண்ணாடியில் தெரிந்த வெறும் நெற்றிக்காரி யார் என்று ஒரு நொடி தவமணிக்குப் பிடிபடவில்லை. தான்தான் என்று தெரிந்ததும் பார்வையைக் கீழே போட்டுக்கொண்டாள். ஐந்து மாசமாகத் தன் முகத்தையே சரியாகப் பார்க்காதவள் இன்னொருத்தர் முகத்துக்காக அறந்தாங்கிக்கு பஸ் ஏறி வந்திருக்கிறாள். அதுவும் தாலுகா ஆபீசில் வேலை இருக்கிறது என்று மதினியிடம் பொய் சொல்லிவிட்டு.

பொய் சொன்னது தப்பில்லை என்று நினைத்தாள். மதினியிடம் உண்மையைச் சொன்னால் கூடவே கிளம்பி வந்திருப்பாள், வந்து இந்த பெஞ்சில் உட்கார்ந்து எல்லோருக்கும் முன்னால் மூக்கைச் சிந்தியிருப்பாள், அவளுக்கும் தம்பிதானே, அழ உரிமை உண்டு, ஆனால் அந்தக் கேமராவைத் தண்ணீரில் முக்கச் சொன்னவளும் அவள்தான். சொன்னவள் அவள், முக்கியவள் நான். அங்கே வந்து நின்றுவிடுகிறது நினைப்பு. ரெண்டு மாசமாக எங்கே சுற்றினாலும் செக்குமாடு அந்த இடத்துக்குத்தான் வருகிறது. அவரோடு ஒரே அறையில் இருந்த முத்துப்பேட்டை சுலைமான் லீவில் வந்தபோது பையைக் கொண்டுவந்து வாசலில் வைத்தான். தண்ணி கூடக் குடிக்காமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றான், பாவம். கண்காணாத சீமையில் செத்தவன் சாமான், தீட்டுக் கழிக்காமல் நிலை தாண்டக் கூடாது என்று மதினி அன்னக்கூடை நிறைய மஞ்சள் தண்ணீர் கரைத்து வைத்தாள். "ஒண்ணு விடாம முக்கி எடுத்தா, ஒண்ணு விடாம" என்றாள். முக்கினாள். ரெண்டு கைலி, நாலு சட்டை, ஒரு சீப்பு, தைல டப்பா, மகளுக்கு வாங்கி வைத்திருந்த பாவாடை, அதற்கும் தண்ணீர். பையின் அடியில் அட்டை சுற்றிய பெட்டி ஒன்று, கைக்கு அடக்கமாக, கனமே இல்லாமல். சோப்புப் பெட்டியாக்கும் என்று அதையும் அமுக்கிப் பிடித்தாள், ரெண்டு குமிழி வந்தது. குமிழி வந்ததை இப்போதும் பார்க்க முடிகிறது. ஏன் அப்போது கையை எடுக்கவில்லை. அட்டை ஊறி உரிந்து, அடியில் கறுப்பாக ஒரு கண்ணாடிக் கண் தெரிந்த பிறகுதான் போனில் அவர் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. கேமரா வாங்கியிருக்கேன் தவம், இருவத்தேழு படம், எடுத்து முடிச்சதும் கேமராவத் தூக்கிப் போட்டுரலாம். காசு குடுத்து வாங்கினதத் தூக்கிப் போடுவாகளா என்று கேட்டாள் அவள். இங்க அப்படித்தான், படத்த மட்டும் கழுவி எடுத்துக்குவாக, ஆனா இங்க வேணாம், ஊருக்கு வந்து கழுவிக்கலாம், நீயும் வா, ரெண்டு பேரும் போயி வாங்கிட்டு வருவோம். கேமராவக் கழுவுறதா, நல்ல கூத்து என்று அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். கழுவிவிட்டேனே என்று தவமணி பெஞ்சு விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சொன்ன வாக்கை இப்படியா காப்பாற்றுவது.

காலையில் கடைக்குள் நுழைந்து அதை மேஜைமேல் வைத்தபோதும் அந்த வார்த்தைதான் வந்து மாட்டியது. "அண்ணே, இதக் கழுவணும்" என்றாள். ஸ்டீபன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கழுவிரலாம்மா. அது என்னா, அட்டையெல்லாம் உரிஞ்சு கெடக்கு?"

"முன்னாடியே ஒருவாட்டி கழுவியாச்சுண்ணே."

"கழுவியாச்சா? எந்தக் கடையில?"

"கடையில இல்ல. வீட்டுல. நாந்தான்."

"வீட்டுலயா!" என்றார் அவர். தொழில்காரருக்கு வந்த ஆச்சரியம். "எந்த மருந்துல?"

"மஞ்சத் தண்ணில."

அவருக்குச் சிரிப்பு வந்து, உதடுவரை வந்து, அவள் நெற்றியைப் பார்த்ததும் அப்படியே நின்றது. பிறகு அவளாகவே எல்லாவற்றையும் சொன்னாள். வெயிலில் காய வைத்ததைக்கூடச் சொன்னாள். "ஈரத்தோடயே கொண்டாந்திருந்தா இன்னும் நல்லாயிருந்திருக்கும்" என்று அவர் முணுமுணுத்தார். "மிசின்ல விட்டா மாட்டிக்கிரும். கையாலதான் கழுவணும். எத்தன வரும், வராதுன்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன் தங்கச்சி." கவரில் எழுதப் பேர் கேட்டார். புருஷன் பேரை எழுதினால்தான் நியாயம் என்று தோன்றியது, அவர் எடுத்த படம். ஆனால் கல்யாணமான பதினொரு வருஷத்தில் அந்தப் பேரை அவள் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் பக்கத்தில் நிற்கிறவர்கள் சொல்லுவார்கள், வோட்டுப் போடப் போன இடத்தில் சீட்டை நீட்டிவிடுவாள். புருஷன் பேரைச் சொன்னால் ஆயுசு குறையும். இப்போது அடைக்கலம் என்று ஐந்து எழுத்தோ ஆறு எழுத்தோ சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும், குறைய இனி என்ன மிச்சம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே வாயைத் திறந்தாள், "தவமணின்னு போடுங்கண்ணே" என்றுதான் வந்தது. பதினொரு வருஷம் கட்டிக் காத்ததற்கு லாபம் அவருக்கு முப்பத்தெட்டு வயசுதான். சொல்லியே கூப்பிட்டிருக்கலாம். போனில், யாருக்கும் கேட்காமல், ஒருவாட்டி கூப்பிட்டிருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்.

பதினொன்று முப்பத்தைந்து. பரீட்சைப் பெண் உள்ளே போனாள், ஸ்டீபனின் மனைவி ஜெசிந்தா அவளை நிமிர்ந்து உட்காரச் சொல்வதும் தாடையைத் திருப்பச் சொல்வதும் திரைக்குப் பின்னாலிருந்து கேட்டது. தாடை. அவருக்குத் தாடை எப்படி இருக்கும்? சதுரமா, கூராகவா? தவமணி கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகப் போனாள், பூனை அடுப்படிக்குள் போகிற மாதிரி, சத்தம் போட்டால் ஓடிவிடும் என்று. காது வருகிறது. இடது காதுக்குப் பின்னால் ஒரு தழும்பு, சின்ன வயசில் ஆடு முட்டியது. பிடரி வருகிறது, நன்றாக வருகிறது, முடி வெட்டின மறுநாள் பிடரி, அதில் வியர்வை வழிந்து காலருக்குள் இறங்குவது. டிவிஎஸ் ஐம்பதில் பின்னால் உட்கார்ந்து ஏழு வருஷம் பார்த்தது அந்தப் பிடரியைத்தானே. சந்தைக்குப் போகும்போது, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, மகளை வயிற்றில் வைத்துக்கொண்டு மேடு பள்ளத்தில் போகும்போது, பிடரி, பிடரி. சரி, அப்படியே சுற்றி முன்னால் வா என்று மனசுக்குச் சொன்னாள். காதைத் தாண்டிக் கன்னம் ஆரம்பிக்கிற இடத்தில் நின்றுவிட்டது. மீசை வருகிறது, மீசை மட்டும் தனியாக. சிரித்தால் பல் தெரியுமா? முன்பல்லில் இடைவெளி உண்டா? உண்டு என்று ஒருநாள் தோன்றுகிறது, அது தன் அண்ணனுடைய பல் என்று மறுநாள் தோன்றுகிறது. பொம்பளை பதினொரு வருஷம் குடும்பம் நடத்திவிட்டுப் புருஷன் பல்லை மறந்துவிட்டாள் என்று வெளியில் சொன்னால் ஊர் சிரிக்கும். வீட்டில் படம் இல்லாமலா இருக்கிறது? மாலை போட்டு மாட்டியிருக்கிறது, பாஸ்போர்ட் படத்தைப் பெரிசாக்கி, கண்ணை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டு, கன்னத்தைச் சிவப்பாக்கி, கோட்டும் டையும் மாட்டிவிட்டு எவனோ செய்து கொடுத்தது. ஆறு வயசு தேன்மொழி அண்ணாந்து பார்த்து, "அம்மா, அப்பா கலெக்டரா?" என்று கேட்டாள். அப்பா போகும்போது அவளுக்கு ரெண்டு வயசு. அவளுக்கு அந்தக் கோட்டுக்காரர்தான் அப்பா. தவமணிக்கும் போகப் போக அப்படித்தான் ஆகிக்கொண்டு வருகிறது, அதுதான் பயம். ராத்திரி நினைத்தால் கோட்டுக்காரர் வந்து நிற்கிறார். அவர் முகத்தை இவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறார்.

கடைசியாக ஒருவாட்டி பார்த்திருந்தால் போதும். அதற்கும் விடவில்லை. திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து வந்த பெட்டியில் சீல் வைத்திருந்தது. பதினெட்டு நாள் ஆகிவிட்டது, திறக்க வேண்டாம் என்று பெரிய மனுஷர்கள் முடிவு செய்தார்கள், அவளிடம் யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் திற என்றுதான் சொல்லியிருப்பாள், என்ன வாடை அடித்தால் என்ன. பலகையைத் தொட்டாள், சொரசொரப்பாக இருந்தது, வெளிநாட்டு எழுத்து எழுதியிருந்தது. எல்லாம் முடிந்து தூக்கப் போகிற நேரத்தில் சாங்கியம் செய்ய வந்தவர் வாய்ப் பழக்கத்தில் சத்தமாகச் சொன்னார், "முகம் பாக்குறவுக பாத்துக்கங்க, தூக்கப் போறோம்." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்போதுதான் தவமணிக்குள் அந்தக் கிறுக்கு நுழைந்தது. பெட்டிக்குள் இருப்பது வேறு யாராவதாக இருந்தால்? தூக்கத்தில் நெஞ்சு வலி வந்தது என்றார்கள். அவர் எப்போதும் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துப் போர்த்துகிறவர். பக்கத்துக் கட்டில்காரன் போர்வைக்குள் செத்திருக்கலாம், பேர் மாற்றி எழுதியிருக்கலாம், இவர் எங்கோ பாலைவனத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருக்கலாம். இல்லை என்று தெரியும். சுலைமான்தானே எழுப்பப் போனவன், அவன் கண்ணால் பார்த்தவன். தெரிந்தாலும் பஸ் நிற்கிற சத்தம் கேட்டால் கழுத்து தானாகத் திரும்புகிறது. பார்க்காத சாவு முடிகிறதில்லை.

திடீரென்று காற்றாடி நின்றது. கரெண்டு போய்விட்டது. தவமணி துள்ளி எழுந்துவிட்டாள், "அய்யய்யோ, உள்ள அண்ணன்…" என்று இருட்டறைக் கதவைப் பார்த்தாள். ஜெசிந்தா திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். "உக்காருங்க. படம் கழுவ இருட்டுதான வேணும். கரெண்டு போனா அவருக்கு இன்னும் வசதி" என்று சொல்லிச் சிரித்து, கையில் இருந்த அட்டையால் இவளுக்கும் சேர்த்து விசிறினாள். "யாரு படம்?" என்று கேட்டாள். "அவுக படம்" என்றாள் தவமணி. அவுக எடுத்த படமா, அவுக இருக்கிற படமா, அவளுக்கே தெரியாது. சுலைமான் சொன்னதுதான் நம்பிக்கை. மொதப் படம் நாந்தாங்க்கா எடுத்தேன், எப்படி அமுக்குறதுன்னு காட்டுறதுக்காக, அண்ணன் கட்டில்ல உக்காந்திருந்தாரு, சிரிச்சாரு, அதுக்கப்புறம் கேமராவ எங்கையில குடுக்கல. கட்டிலில் உட்கார்ந்து சிரிக்கிற படம். ஒன்றே ஒன்று. எந்தச் சட்டை போட்டிருப்பார்? இளைத்திருப்பாரா? இளைத்திருந்தாலும் பரவாயில்லை, சொட்டை விழுந்திருந்தாலும் பரவாயில்லை, கோட்டு இல்லாமல் இருந்தால் போதும். முனி கோயிலுக்கு நேர்ந்துகொள்ளலாமா என்று நினைத்தாள், செத்தவருக்காக என்னவென்று நேருவது என்று தெரியவில்லை. மற்ற இருபத்தாறும் போகட்டும் சாமி, அந்த மொதப் படத்தை மட்டும் விட்டுவிடு என்றாள். காற்றாடி மறுபடி சுற்ற ஆரம்பித்தது. பன்னிரண்டே காலுக்கு ஸ்டீபன் ஈரக்கையோடு வெளியே வந்தார், அவள் முகத்தைப் பார்க்காமல் மிஷின் இருக்கிற அறைக்குள் போனார். முகத்தைப் பார்க்காமல் போனதே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. மனுஷர் வேலை மும்முரத்தில் பார்த்திருக்க மாட்டார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

பதினொரு படம் வந்திருந்தது. சூடு ஆறாத படங்களை அவர் மேஜைமேல் வரிசையாகப் பரப்பினார். "ஆரம்பத்துல எடுத்ததெல்லாம் உள் சுத்துல இருக்கும் தங்கச்சி. தண்ணி உள்ள போயி, காஞ்சு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிருச்சு. பிரிச்சுப் பாத்தேன், கூடவே உரிஞ்சு வந்திருச்சு. மன்னிச்சுக்கங்க." மொதப் படமும் அதில்தானா என்று அவள் கேட்கவில்லை, ஆரம்பம் என்றால் மொதல்தான். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அடுக்குக் கட்டில், கீழ்த்தட்டில் கைலியைத் திரையாகக் கட்டியிருந்தது. ஒரு அடுப்பு, மேலே மீன் குழம்புச் சட்டி. வாசலில் பன்னிரண்டு ஜோடிச் செருப்பு. ஒரு டெலிபோன் கூண்டு. ஏசி பெட்டிமேல் தூங்குகிற பூனை. பஸ். கடல், அதற்குப் பின்னால் உயர உயரமான கட்டிடம். வெள்ளிக்கிழமைக் கூட்டம் என்று தோன்றுகிற ஒரு தெரு, நூறு தலை. அந்த நூறு தலையிலும் நகத்தை வைத்து ஒவ்வொன்றாகத் தேடினாள். பிடரிகூட இல்லை. எல்லாப் படத்திலும் நிறம் கலங்கியிருந்தது, அங்கங்கே மஞ்சள் திட்டு, மேல் மூலையில் சிவப்பாக ஒரு கறை. எல்லாம் தான் முக்கிய தண்ணீர். இதான் தவம் நான் படுக்கிற எடம், இங்கருந்துதான் ஒனக்குப் போன் பண்ணுவேன், இந்தப் பூனைக்கு என் சோத்துல பாதி என்று காட்டத்தான் எடுத்திருக்கிறார், அது புரிந்தது, புரிந்தும் கோபம் கோபமாக வந்தது. ஊரு உலகமெல்லாம் எடுக்கத் தெரிந்த மனுஷனுக்கு ஒருவாட்டி அந்தக் கண்ணைத் தன் பக்கம் திருப்பிப் பிடிக்கத் தெரியவில்லையா? பூனை முகம் இருக்கிறது. பூனைக்கு மீசை இருக்கிறது, பல் இருக்கிறது. அழக்கூடாது என்றுதான் இருந்தாள், மூக்கு நுனியில் வந்து சொட்டியது. படத்தில் விழுந்துவிடப் போகிறது என்று அவசரமாக முந்தானையால் துடைத்தாள். மறுபடியும் நனைக்கவா?

ஸ்டீபன் படங்களை அடுக்கி நேராக்கினார், மறுபடி கலைத்தார். தொழில்காரருக்குத் தெரிந்த ஆறுதல் தொழில்தானே.

"இன்னும் கொஞ்சம் நல்லாப் போட்டுத் தரலாம்மா. இந்த மஞ்சத் திட்டுத்தான் தண்ணி பட்டது, அத ஒண்ணும் பண்ண முடியாது. இந்தா, மூலையில செவசெவன்னு இருக்கு பாத்தீங்களா, இது தண்ணி இல்ல."

"தண்ணி இல்லையா?"

"இல்லம்மா. இது விரலு. இந்த மாதிரி கேமராவுல பாக்குற ஓட்டை ஒண்ணு, படம் பிடிக்கிற கண்ணாடி தனியா ஒதுக்கமா இருக்கும். பழக்கமில்லாதவங்க பிடிக்கும்போது விரலக் கொண்டாந்து அதுமேல வச்சிருவாங்க. அவருக்குக் கடேசி வரைக்கும் தெரியவேயில்ல போல, பதினொண்ணுலயும் விழுந்திருக்கு. கவலப்படாதீங்க, அந்த ஓரத்த வெட்டிட்டு மறுபடி பிரிண்ட் போட்டுத் தாரேன். தெரியாது."

தவமணி குனிந்தாள். கடல் படத்தை எடுத்து வெளிச்சத்துக்குக் காட்டினாள். கறை என்று நினைத்த இடத்தில், கலங்கலாக, சிவப்பாக, வெயில் ஊடே பாய்ந்து ஓரம் ரோஸாக, ஒரு மனுஷ விரல். அடுத்த படத்தை எடுத்தாள், அதிலும். பூனைக்கு மேலே கொஞ்சமாக, செருப்புகளுக்கு மேலே இன்னும் கொஞ்சம் கூட. அடுக்குக் கட்டிலில் பாதிக் கூரையை அதுவே மறைத்திருந்தது. உயிரோடு இருந்த விரல், ரத்தம் ஓடிய விரல், பதினோரு இடத்தில். பெட்டிக்குள்ளும் இவர்தான், இனிமேல் எந்த பஸ்ஸிலிருந்தும் இறங்க மாட்டார் என்று அப்போது, அந்த நிமிஷத்தில், அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. கூடவே தாங்க முடியாத சந்தோஷமும் வந்தது.

"வெட்டாதீங்கண்ணே" என்றாள். சத்தம் பெரிசாக வந்துவிட்டது, ஜெசிந்தா திரையை விலக்கிப் பார்த்தாள்.

"சரி, வெட்டல, வெட்டல."

"ஒண்ணப் பெருசாப் போட்டு ஃப்ரேம் பண்ணித் தாங்க. செவுத்துல மாட்டுற மாதிரி."

"பண்ணிரலாம். கடல் நல்லா வந்திருக்கு, அதையே போட்டுரட்டுமா?"

"கடல் வேணாம்" என்றாள் தவமணி. "அடைக்கலம் விரலு எதுல பெருசா விழுந்திருக்கோ, அதப் போடுங்க."